கோப்பில்லாத மனிதர்

மனிதகுலம் கண்ட மாபெரும் விடுதலைகளுள் ஒன்று பல்கேரியாவின் ப்ராஸ்கோவெட்ஸ் நகரத்தில் நிகழ்ந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு, மேலிடத்தின் எழுத்துபூர்வமான அனுமதியோடு நிகழ்ந்தது. கட்சி அலுவலகத்தின் பலகையை இறக்கினார்கள். அதே இரண்டு ஆணிகளில் 'வெளிப்படைத்தன்மை ஆணையம்' என்ற பலகையை ஏற்றினார்கள். உள்ளே இருந்த மேசையை நகர்த்தவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த ஸ்பாஸ் துர்ச்சேவையும் நகர்த்தவில்லை. இருபது வருடம் ஊரார் ரகசியங்களைப் பூட்டி வைத்தவருக்குத்தானே சாவி எங்கே இருக்கிறது என்று தெரியும்? அவரையே ஆணையத் தலைவராக்கிய முன்யோசனையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இந்தப் பொற்காலத்திலும் ஒரு மனிதர் நிம்மதியில்லாமல் இருந்தார். அவர் பூகோள ஆசிரியர் மெத்தோடி கல்பாக்கோவ். பதினெட்டு வருடம் முன்பே தலைமையாசிரியர் ஆகியிருக்க வேண்டியவர். கட்சியில் சேராததால் ஆகவில்லை. இப்போது கட்சி போய்விட்டது. ஆனால் புது விதி வந்துவிட்டது: பதவிக்கு ஆசைப்படுகிறவர், ரகசியப் போலீஸ் வைத்திருந்த தன் கோப்பை ஆணையத்தின் முன் திறந்து காட்ட வேண்டும். ஓய்வுபெற நான்கு வருடம்தான் பாக்கி. இதை விட்டால் இனி வாய்ப்பில்லை. அவர் மனைவி ருமியானா கோட்டுக்கு இஸ்திரி போட்டு அனுப்பி வைத்தாள்.

ஸ்பாஸ் அலமாரியைக் குடைந்துவிட்டுத் திரும்பினார்.

"வாத்தியாரே, உங்க பேர்ல கோப்பே இல்லையே."

"அப்பாடா! நல்லதாப் போச்சு."

"என்ன நல்லது? ஊர்ல ரொட்டிக் கடைக்காரனுக்குக்கூட கோப்பு இருக்கு. அப்பாவிங்க எல்லாருக்கும் இருக்கு. கோப்பில்லாதவங்க யாரு தெரியுமா? பெரிய கைங்க. கடைசி வாரத்துல எரிச்சது அவங்க கோப்பைத்தான்."

"யார் எரிச்சாங்க?"

"தீப்பெட்டி யார் கையில இருந்துச்சுங்கறது வேற விஷயம்." ஸ்பாஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "உங்க பள்ளிக்கூடத்து போஷ்கோவும் இந்தப் பதவிக்கு மனு போட்டிருக்கார். அவர் கோப்பைப் பாருங்க, நானூறு பக்கம்! யாரைப் பத்தி எழுதிக் கொடுத்தார், என்னிக்குக் கொடுத்தார், எல்லாம் தேதிவாரியா இருக்கு. இப்படித் திறந்த புத்தகமா ஒரு மனுஷனைக் காட்டுங்க பார்ப்போம்!"

மெத்தோடியால் காட்ட முடியவில்லை.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே சேதி தெரிந்துவிட்டது. 'வாத்தியாருக்குக் கோப்பு இல்லையாம்!' ரொட்டிக் கடையில் வரிசை தானாக விலகி வழிவிட்டது. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பனித்ஸா ஒன்றைக் கடைக்காரர் இரண்டு கையாலும் நீட்டினார். பொய் சொல்வானேன், இரண்டு நாள் மெத்தோடிக்கு இது பிடித்துத்தான் இருந்தது. மூன்றாம் நாள், முப்பது வருடமாக அவரோடு பகடை ஆடும் பக்கத்து வீட்டுக்காரர், ஆட்டப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார். அன்று மெத்தோடிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. செய்யாத தப்புக்கு இவ்வளவு வெட்கம் வரும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

அவர் குடியிருந்த அடுக்குமாடிக்கு நிர்வாகி கின்கா. யார் வீட்டுக்கு எந்த விருந்தாளி, எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று 'குடியிருப்பு ஏடு' எழுதிவந்தவள். சேதி கேட்டு மாடிப்படியிலேயே அவரை மடக்கினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கோப்பு இல்லையாமே? அப்ப நான் எழுதிக் கொடுத்ததெல்லாம் எங்க போச்சு? பதினாறு வருஷம் வாத்தியாரே! மாசம் தவறாம எழுதினேன்!"

"என்னைப் பத்தியா எழுதினீங்க, கின்கா அக்கா?"

"பின்னே? உங்க வீட்டுப் பேச்சுதான் தண்ணிக் குழாய் வழியா பளிச்சுனு கேக்கும்."

"அப்படி என்னதான் எழுதினீங்க?"

"'வந்தார். சூப் குடிச்சார். தூங்கினார்.' வேற எதாவது நீங்க பண்ணியிருந்தாத்தானே எழுதறதுக்கு! எதுக்கும் ஆகலேன்னு தூக்கிப் போட்டிருக்கானுங்க. உங்களால என் உழைப்பு பாழாப் போச்சு."

மெத்தோடி அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு ஏன் கேட்டோம் என்று யோசித்துக்கொண்டே மாடியேறினார்.

ஜனநாயகம் யாரையும் கைவிடுவதில்லை. கோப்பில்லாத குடிமகனுக்குப் புதிதாக ஒரு கோப்பு திறந்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து நிரப்பித் தர ஆணையம் தீர்மானித்தது. 'அனுபவமுள்ள பணியாளர்' ஒருவர் தேவைப்பட்டார். கின்காவை விட்டால் யார் இருக்கிறார்கள்?

பதினோராம் நாள் மெத்தோடியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேசைமேல் புத்தம்புது பச்சை அட்டைக் கோப்பு. பார்த்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"படிங்க வாத்தியாரே," என்றார் ஸ்பாஸ். "அந்தக் காலத்துல கோப்பைக் கண்ணுலயே காட்ட மாட்டோம். இப்ப உங்க கோப்பைப் படிக்கறது உங்க உரிமை. படிச்சுட்டுக் கீழே கையெழுத்துப் போடறது கடமை."

மெத்தோடி படித்தார். '14ஆம் தேதி. பால்கனியில் மனைவியோடு குளிர்காலத்துக்கு ஜாடியில் அடைத்து வைக்கக் குடைமிளகாய் சுட்டார். ஆணையத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "பழைய மிளகாயையே புது ஜாடியில அடைச்சிருக்காங்க" என்றார். மனைவி சிரித்தாள். இரண்டு முறை சிரித்தாள்.'

"இது... சும்மா வீட்டுக்குள்ள பேசினதுங்க."

"வெளியில பேசினா நாங்க எதுக்கு விசாரிக்கணும்?" ஸ்பாஸ் நிஜமாகவே வருத்தப்பட்டார். "கோப்பு வந்துடுச்சு, சந்தோஷம். நீங்க யாரோட ஆளும் இல்லேன்னு ஊருக்குப் புரிஞ்சுடுச்சு. ஆனா புது ஆட்சியில நம்பிக்கை இல்லாதவர்னும் இதுலயே இருக்கே? பிள்ளைங்களை எப்படி உங்க கையில குடுக்கறது? போஷ்கோவைப் போட்டுட்டோம்."

நாற்பது வருட சர்வாதிகாரம் அலட்சியமாக விட்டுவைத்த ஒரு மனிதரை, ஜனநாயகம் பதினோரே நாளில் கவனித்துவிட்டது. மெத்தோடி கையெழுத்துப் போட்டார். கோப்பில் ஊர்ப்பெயர் ஓரிடத்தில் தப்பாக இருந்தது. பூகோள ஆசிரியரல்லவா, அதையும் திருத்திக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கின்கா நின்றிருந்தாள், கையில் ஏடு, காதில் பென்சில்.

"நேத்து வந்தாரே, தாடிக்காரர், அவர் யாரு? மூணு மணி நேரம் என்ன பேசினீங்க?"

மெத்தோடிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. "அக்கா! ஜனநாயகம் வந்துடுச்சு, தெரியுமா தெரியாதா?"

கின்காவுக்கு மனசு புண்பட்டுவிட்டது.

"தெரியாமலா, வாத்தியாரே? அதனாலதானே மரியாதையா கதவைத் தட்டிக் கேக்கறேன். இல்லேன்னா முன்ன மாதிரி குழாய்ல காதை வெச்சுக்கிட்டு கம்முனு இருந்திருக்க மாட்டேனா?"