மனுவில் கண்டுள்ளபடி

"மனுவில் கண்டுள்ள விவரங்களை வரும் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரில் சரிபார்க்க இருப்பதால், மனுதாரர் தவறாமல் தாங்கல் கரையில் ஆஜராகவும்."

கடிதத்தை மூன்றாவது முறை படித்து முடித்த ஆனந்தராஜ், நிஜம்தானா என்று முத்திரையைத் தடவிப் பார்த்தார். செஞ்சி தாலுகா ஆபீஸ் எதிரில் பதினெட்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்து மனு எழுதுகிறவர் அவர். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் எழுதிய மனுவில் கண்டுள்ளதை எந்த அதிகாரியும் வந்து கண்டதில்லை.

அந்தத் தைரியத்தில்தான் அவர் பேனா ஓடும். மனுவில் பத்து என்று எழுதினால் ஆபீஸில் ரெண்டு கிடைக்கும் என்பது அவருடைய கணக்கு. தெருவிளக்கு எரியவில்லையா? "நாள்தோறும் உயிர்ப்பலி." ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனதா? "குடும்பமே பட்டினியில் மடியும் நிலை." பென்ஷன் கேட்டு வந்த பொன்னுசாமியை "எழுந்து நடமாட இயலாதவர்" என்று எழுதிக் கொடுத்தார். அந்த மனுவை எடுத்துக்கொண்டு பொன்னுசாமி ரெண்டு மாடி ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பென்ஷனும் வந்தது.

ஆனால் இது சொந்த விஷயம். அவர் ஊர்ச் சின்ன ஏரியான கோரைத் தாங்கலை ஒட்டிய நிலத்தை வாங்கி, கோதண்டராமன் என்கிற மனைக்காரர் நூற்றிருபது பிளாட் போடப்போகிறார். தாங்கலுக்குத் தண்ணீர் வருகிற வாய்க்காலில் பாதிக்கு ஏற்கெனவே மண்ணடித்தாகிவிட்டது. அனுமதி கேட்ட விண்ணப்பத்தில், "அருகில் நீர்நிலை ஏதும் இல்லை" என்று கூசாமல் எழுதியிருக்கிறார். அனுமதி கிடைத்தால் தாங்கல் செத்தது. தாங்கல் செத்தால் கரைக்குக் கீழே ஆனந்தராஜின் மனைவி கவிதாவுடைய கிணறும், அதை நம்பி இருக்கும் ஒரு ஏக்கரும் செத்தது. வீட்டில் உலை கொதிப்பதே அந்த ஒரு ஏக்கர் நெல்லில்தான்.

அதனால் ஆட்சேபணை மனுவை வெறிகொண்டு எழுதிவிட்டார். நகலை எடுத்துப் பார்த்தார். "ஆண்டு முழுவதும் கடல்போல் நீர் ததும்பி நிற்கும்." "செந்தாமரைகள் பூத்துக் குலுங்கும்." "கண்டம் விட்டுக் கண்டம் வரும் ஆயிரக்கணக்கான வெளிநாட்டுப் பறவைகள் குஞ்சு பொரித்துக் களிக்கும்."

இது மே மாசம். கத்திரி வெயில். கோரைத் தாங்கலில் இப்போது களிப்பது ஆடுகள் மட்டும்தான்.

"அண்ணே, ஒரு நோட்டீஸ் ஆர்டர் வந்திருக்குது, அஞ்சாயிரம் காப்பி" என்றாள் ஷோபனா. கடையில் டைப் அடிக்கிற பெண். "நாளைக்கே வேணுமாம். பேரு, போட்டோ, போன் நம்பரு மட்டும் குடுத்துட்டு, மேட்டர நீங்களே போட்டுக்குங்கன்னு சொல்ட்டு போய்ட்டாரு. இன்னாண்ணே போடறது?"

"ஏம்மா, எனக்கு இருக்கிற டென்ஷன்ல நோட்டீஸு ஒண்ணுதான் கொறச்சல்! எதையாவது போட்டு முடி. வியாழக்கெழம வரைக்கும் என்னை ஒண்ணும் கேக்காத!"

அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

ஆனந்தராஜ் நேராக நூருல்லா வீட்டுக்குப் போனார். நூருல்லாவுக்குத் தாங்கல் பக்கத்திலேயே நிலம், போர்வெல், அரை ஏக்கர் மிளகாய். சின்ன வயசிலிருந்து சேக்காளி.

"பாய், மனு பொய்யின்னு ஆச்சின்னா தள்ளுபடி பண்ணிடுவாங்க. ஒன்னோட மோட்டாரப் போட்டு தாங்கல்ல தண்ணி வுடு."

"தாங்கலு இன்னா பிளாஸ்டிக் பக்கெட்டா, ரொப்பறதுக்கு?"

"மொத்தமும் வேணாம்யா. கடல்போல் ததும்பணும், அவ்ளோதான்."

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மோட்டார் ஓடியது. ஹோஸ் வழியாக விழுந்த தண்ணீர், கால் நுழைகிற அளவு வெடித்துக் கிடந்த மண்ணில் சொய்ங் என்று இறங்கிப் போனது. மத்தியானம் வரை ஒரு சொட்டு நிற்கவில்லை. சாயங்காலம் ஒரு கல்யாணப் பாய் அகலத்துக்குச் சேறு கண்டது. எங்கிருந்தோ ஓர் எருமை வந்து, தனக்காகத்தான் ஏற்பாடு என்கிற மாதிரி அதில் படுத்துக்கொண்டது. பக்கத்தில் நூருல்லாவின் மிளகாய்ச் செடி தலை தொங்கிக் கிடந்தது.

"நல்லா இருப்பா நீ" என்றார் நூருல்லா. "என் மொளவா வாடிப்போச்சி. எவன் வூட்டு எருமையோ குளுகுளுன்னு இருக்குது."

அந்த நேரம் பார்த்துக் கவிதா ஓடி வந்தாள். "இன்னாங்க! நம்ம கெணத்துல ஒரு சாண் தண்ணி ஏறியிருக்குது!"

"கெணத்த யாருடி கேட்டா? மனுவுல கெணறே கெடையாது!" என்று எரிந்து விழுந்தார் ஆனந்தராஜ். அவள் முகத்தை ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போனாள்.

தண்ணீர்தான் இல்லை, பறவையாவது இருக்கட்டும் என்று புதன்கிழமை பனமலை ஏரிப் பக்கம் போனார். அங்கே நானூறு வாத்து மேய்த்துக்கொண்டிருந்த இளவரசன், விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கோலைத் தரையில் ஊன்றினான்.

"வாத்து தரேன், சார். ஆனா வெளிநாடுன்னு சொல்லாதீங்க. இதுங்க ஆந்திராவுலருந்து வந்ததுங்க. வெளிமாநிலம்னா சத்தியம் பண்ணுவேன். அதுக்கு மேல என்னால முடியாது."

"நீ சத்தியமே பண்ண வேணாம்பா. பத்து மணிக்கு ஓட்டிக்கினு வந்துடு, போதும்."

வரும் வழியில் பூக்கடைகளை மொத்தமாகக் காலி பண்ணி இருநூறு தாமரை மொட்டு வாங்கினார். வியாழக்கிழமை விடிந்ததும் ஆனந்தராஜும் நூருல்லாவும் முட்டி போட்டு, எருமையைச் சுற்றிச் சேற்றில் ஒவ்வொன்றாக நட்டார்கள். தூரத்தில் நின்று பார்த்தபோது, அலங்காரம் பண்ணின எருமை மாதிரிதான் இருந்தது.

"தாங்கலு மாதிரி இல்லப்பா. எருமைக்கு வளகாப்பு மாதிரி இருக்குது" என்றார் நூருல்லா.

ஒன்பதரைக்கு ஆடுகள் வந்தன. தாமரை மொட்டு இவ்வளவு ருசியானது என்று செஞ்சி ஆடுகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனந்தராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடக்கே விரட்டினால் தெற்கே மேய்ந்தன. தெற்கே விரட்டினால் எருமைக்குப் பின்னால் நின்று மென்றன. பத்து மணிக்கு வெறும் காம்புகள்தான் மிச்சம்.

அப்போது வாத்துகள் வந்து சேர்ந்தன. நானூறு வாத்தும் கரைமேல் ஏறி நின்று தாங்கலைப் பார்த்தன. அப்புறம் இளவரசனைப் பார்த்தன. அந்தப் பக்கம், மனை பார்க்க வருகிறவர்களுக்காகக் கோதண்டராமன் ஷாமியானா போட்டு, சர்பத் அண்டா வைத்து, கட்டட வேலைக்கு ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி நிறையத் தண்ணீரும் கட்டி வைத்திருந்தார். வாத்துக்கு அனுமதி, ஆட்சேபணை எதுவும் தெரியாது. ஒரே ஓட்டம். தொட்டியில் முந்நூறு, சர்பத் அண்டாவைச் சுற்றி நூறு.

கோதண்டராமன் கத்தவில்லை. சிரித்துக்கொண்டே செல்போனை எடுத்து எல்லாவற்றையும் வீடியோ பிடித்தார். வாத்து, காம்பு, ஹோஸ், சேற்றில் முட்டி போட்ட ஆனந்தராஜின் வேட்டி, ஒன்று விடவில்லை.

சரியாகப் பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. இறங்கியவர் சுவாதி மேடம். ஈரநில ஆய்வுக்காக மாவட்ட ஆபீஸிலிருந்து வந்தவர். கான்வாஸ் ஷூ, கக்கத்தில் சுருட்டிய வரைபடம், கையில் மனு. ஊர் சனம் கரையில் கூடிவிட்டது. மேடம் எல்லோருக்கும் முன்னால் நின்று, மனுவை நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"'கடல்போல் நீர் ததும்பி நிற்கும்.'"

எருமை ஒரு பெருமூச்சு விட்டது.

"'செந்தாமரைகள் பூத்துக் குலுங்கும்.'"

கடைசி மொட்டு ஓர் ஆட்டின் வாயோரம் குலுங்கிக்கொண்டிருந்தது.

"'வெளிநாட்டுப் பறவைகள்...'"

ஷாமியானாப் பக்கமிருந்து நானூறு குரல் பதில் சொன்னது.

"ஆந்திரா, மேடம்" என்றான் இளவரசன், யாரும் கேட்காமலே.

கோதண்டராமன் வீடியோவை நீட்டினார். "நீங்களே பாருங்க மேடம். எல்லாம் செட்டிங்கு. இங்க ஏரியும் இல்ல, கீரியும் இல்ல. வெறும் பொட்டல். இதுக்குப் போயி ஆட்சேபணையாம்!"

மேடம் வீடியோவை முழுசாகப் பார்த்தார். பிறகு ஆனந்தராஜைப் பார்த்தார். "இதுக்கு என்ன சொல்றீங்க?"

ஆனந்தராஜ் காம்புகளைப் பார்த்தார், எருமையைப் பார்த்தார். கவிதாவைப் பார்த்தார். அவள் கண் கிணற்றுப் பக்கம் இருந்தது. அவர் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்து விட்டார். வெட்கமாக இருந்தது.

"பொய்தான், மேடம்" என்றார். "மழ பேஞ்சா நாலு மாசம் தண்ணி நிக்கும். கொஞ்சம் நாரை வரும், கொக்கு வரும். மீதி நாளு இப்டித்தான் கெடக்கும். அத அப்டியே எழுதினா யாரு வரப்போறாங்கன்னு நெனச்சேன். தப்பு என்னோடது. அதுக்காகத் தாங்கல கைவுட்டுடாதீங்க."

"நான் ஒண்ணு சொல்லட்டா மேடம்?" கவிதா முன்னால் வந்துவிட்டாள். "செவ்வாக்கெழம பூரா இந்த ஆளு இங்க தண்ணி வுட்டாரு. மேல ஒரு சொட்டு நிக்கல. ஆனா கரைக்குக் கீழ எங்க கெணத்துல ஒரு சாண் ஏறிடுச்சி. வந்து பாருங்க. இது நெறைஞ்சா ஊர்ல எம்பது கெணறு நெறையும். வாய்க்கால மூடி இத காயப்போட்டுட்டா நாங்க எத குடிக்கிறது?"

மேடம் கிணற்றை எட்டிப் பார்த்தார். புதுசாக ஈரம் ஏறிய கல்லை அளந்து எழுதிக்கொண்டார். திரும்பி வந்து தாங்கல் நடுவில் ஒரு குச்சியால் கிளறினார். கோரைக் கிழங்கு வந்தது. நத்தை ஓடு கைநிறைய வந்தது.

"மே மாசம் தண்ணி இல்லன்னா அது ஏரியே இல்லன்னு எந்தச் சட்டத்துல இருக்கு, கோதண்டராமன்? இன்னிக்கு இது கடல் மாதிரி ததும்பியிருந்தாதான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்."

"மேடம், இது எப்பவுமே காய்ஞ்ச பூமி. நான் எழுத்துமூலமா குடுத்திருக்கேன்."

"ஆமா, குடுத்திருக்கீங்க" என்று மேடம் ஃபைலிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்தார். "காலையில பஸ் ஸ்டாண்டுல எங்க டிரைவர் டீ குடிக்கிறப்போ உங்க ஆள் கையில திணிச்ச நோட்டீஸ். 'லேக் வியூ நகர்! ஜன்னலைத் திறந்தால் ஏரி! ஆண்டு முழுவதும் வற்றாத நீர்! செந்தாமரை! ஆயிரக்கணக்கான வெளிநாட்டுப் பறவைகள்!' கீழே உங்க போட்டோ, உங்க போன் நம்பர்."

கோதண்டராமன் செல்போனை மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"இப்ப சொல்லுங்க. நோட்டீஸ் பொய்யின்னா, மனை வாங்கறவங்கள ஏமாத்தின கேஸ். நோட்டீஸ் நெசம்னா, இங்க ஏரி இருக்கு. உங்க விண்ணப்பம் பொய். ரெண்டுல எது?"

ஷாமியானாவில் அட்வான்ஸ் கொடுக்க வந்திருந்த இருபது பேரும் எழுந்து நின்று கோதண்டராமனின் வாயையே பார்த்தார்கள். அவர் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். கைக்குட்டை நனைந்துவிட்டது.

"ஏரி... இருக்குது, மேடம்."

"சத்தமா."

"இருக்குது மேடம்!"

அங்கேயே ஜீப் பானெட்டில் வைத்து மேடம் எழுதினார். மனைப்பிரிவு அனுமதி நிராகரிப்பு. வாய்க்காலில் கொட்டிய மண்ணைப் பத்து நாளில் சொந்தச் செலவில் அள்ள வேண்டும். தாங்கலை ஈரநிலக் கணக்கில் சேர்க்கப் பரிந்துரை. ஆனந்தராஜிடம் நகலைக் கொடுக்கும்போது, "இனிமே உள்ளத எழுதுங்க. அதுவே போதும்" என்றார்.

ஊர் ஆர்ப்பரித்தது. நூருல்லா விரலை வாயில் வைத்து விட்ட விசிலில் எருமையே எழுந்து நின்றது. ஆனந்தராஜைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையைச் சுற்றி வந்தார்கள். சேறு பட்ட வேட்டியோடு அவர் மேலே உட்கார்ந்து கை கும்பிட்டதைப் பார்த்துக் கவிதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பின்னாலேயே நானூறு வாத்தும் வரிசையாக வந்தன.

சாயங்காலம் ஒரு கிலோ ஜாங்கிரியோடு கடைக்குள் நுழைந்தார். ஷோபனா கையில் ரெண்டைத் திணித்துவிட்டு, வழியில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய அந்த மஞ்சள் நோட்டீஸை விரித்து முதல் தடவையாக முழுசாகப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் தொடையைத் தட்டினார்.

"யம்மாடி! பதினெட்டு வருஷமா எழுதறேன், இப்டி ஒரு புளுகன நான் பார்த்ததே இல்ல. நல்ல வேளை, கோதண்டராமனுக்குன்னு இவன் வந்து வாய்ச்சான். எவன்மா இத எழுதினவன்? அவன் கால்ல வுழணும்!"

ஷோபனா ஜாங்கிரியை மென்று விழுங்கினாள்.

"எதையாவது போட்டு முடின்னு நீங்கதானண்ணே சொன்னீங்க? கம்ப்யூட்டர்ல உங்க மனு இருந்திச்சி. அத அப்டியே எடுத்து, 'மனுதாரர்'னு வந்த எடத்துலல்லாம் 'வாடிக்கையாளர்'னு மாத்தி அடிச்சி குடுத்துட்டேன்."