ரேஷன் கடை போர்டும் வளையச்சாமியும்

தமிழ் பேசும் கேரள எல்லையூரான வடகரப்பதியில் மூன்று வாரமாக யாருக்கும் கண் கோளாறு கிடையாது. வளையச்சாமி எல்லாவற்றையும் ஒழித்துவிட்டார். தென்னந்தோப்பில் தகரக் கொட்டகை, மைக், டோக்கன், வண்டி நிறுத்த இடமில்லாத கூட்டம்.

வருகிறவரின் மூடிய கண்ணைச் சாமி கட்டைவிரலால் மாவு பிசைவதுபோல் கசக்குவார். "கண்ணுக்குத் தெரியாத வளையம் உள்ள போயிருச்சு" என்பார். பிறகு எதிரே தொங்கும் போர்டைப் படிக்கச் சொல்வார். எங்கிருந்தோ கழற்றி வந்த பழைய மலையாள போர்டு அது. எல்லோரும் படித்தார்கள்: "ரேஷன் கட. ஞாயறாழ்ச்ச அவதி!"

"சாமீ!" என்று கூட்டம் கும்பிடும். ரேஷன் கடைக்கு ஞாயிறு விடுமுறை என்ற செய்தியை இவ்வளவு பக்தியோடு எந்த ஊரும் கேட்டிருக்காது.

தமிழ்ப்ரியாவுக்கு டோக்கன் நாற்பத்து மூன்று. கஞ்சிக்கோடு தொழிற்சாலையில் வேலை. அவளுடைய கருவிழி கூம்பாகப் புடைத்து வந்தது. உள்ளே இரண்டு பிறை வளையங்களை வைத்தால் புடைப்பு தணிந்து பார்வை தேறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஆபரேஷன். "கண்ணை மட்டும் கசக்காதே, புடைப்பு கூடிவிடும்" என்றும் சொல்லியிருந்தார். கசக்குவதையே தொழிலாகக் கொண்டவரிடம் அம்மா கற்பகம் அவளை இழுத்து வந்திருந்தாள்.

"கத்தி வெக்காமச் சரியாச்சுன்னா ஆஸ்பத்திரி எதுக்கு, கண்ணு? எனக்கும் கண்ணு மங்கலாத்தான இருக்குது, மொதல்ல நான் உக்காந்து பாக்கறேன். எனக்குத் தெரிஞ்சா நீயும் உக்காரோணும்."

சொன்ன டாக்டர் ஒருவர். இங்கே போர்டைப் படித்தவர்கள் நாற்பது பேர். தான்தான் தப்போ என்று தமிழ்ப்ரியாவுக்கே சந்தேகம்.

நாற்பத்தொன்றாவதாகக் கற்பகம் உட்கார்ந்தாள். கசக்கினார். திறந்தாள். மூச்சுவிடாமல் படித்தாள்.

"அம்மா, உனக்கு மலையாளம் எப்ப படிக்க வந்துச்சு? பஸ் போர்டையே நாந்தான படிச்சுச் சொல்றேன்?"

சாமி அசரவில்லை. "நம்ம வளையம் போட்டா பாஷையும் வரும், அம்மணி!"

கூட்டம் இன்னும் பலமாகக் கும்பிட்டது. "இந்தி வருமுங்களா சாமி?" என்று ஒருவர் கேட்டார். "எங்க கம்பெனில பாதிப் பேரு அதுதான் பேசறாங்க."

அடுத்து லாரி ஓட்டும் சூசையப்பன். சாமி போர்டுக்கு முதுகைக் காட்டிக் கசக்கிக்கொண்டிருந்தபோது, தமிழ்ப்ரியா போய்ப் போர்டைத் திருப்பி மாட்டினாள். துடைத்துவைக்கிறாளாக்கும் என்று கூட்டம் தடுக்கவில்லை. பின்பக்கம் வெறும் துரு.

சூசையப்பன் கண்ணைத் திறந்தார். "ரேஷன் கட! ஞாயறாழ்ச்ச அவதி!"

"சாமீ..." கூட்டத்தின் குரல் பாதியில் நின்றது.

"ஏனுங்கண்ணா, நெசமாலும் தெரியுதுங்களா?" என்றாள் தமிழ்ப்ரியா.

"ஒரு மண்ணும் தெரியலீங்க, அம்மணி. காத்தால இருந்து நாப்பத்தொரு பேரு சொல்லிக் கேட்டதுதான். எனக்கு மட்டும் தெரியலைன்னா பக்தி பத்தலைம்பாங்க!"

"நானும் அப்படித்தாங்க," என்றாள் கற்பகம் மெல்ல. "நானுந்தான்" என்று பின்னால் பத்துக் குரல்கள்.

சாமி திரும்பித் துருவைப் பார்த்தார். பிறகு தன் பைக்கைப் பார்த்தார். எல்லையைத் தாண்டும்வரை அவர் பார்வை மிகத் தெளிவாக இருந்தது.

கற்பகம் மகள் கையைப் பிடித்தாள். "திங்கக்கெழம எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?"

கருவிழி புடைத்தால் வளையம் வைக்க டாக்டர் இருக்கிறார். ஊரோடு சேர்ந்து தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லும் நோய்க்கு ஆபரேஷன் கிடையாது. அவரவர் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டியதுதான். அதற்குக் கூட்டமே இருக்காது, டோக்கனும் வேண்டாம்.