வெயில் பார்த்துத் துவைக்கும் என் ஓரகத்தி

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பி, இங்கே நான் சௌக்கியமாக இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

எல்லாம் மாடியில் குடியிருக்கும் என் ஓரகத்தியால்தான். வெயிலும் காற்றும் நன்றாக இருக்கும் நேரத்தில் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் மிஞ்சுகிறது, துவைப்பது அரைப்பதையெல்லாம் அப்போதே முடித்துவிட்டுச் சாயங்காலம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லார் போனுக்கும் செய்தி வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் மாமனார் மாடியில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கீழே இறங்கும்போதெல்லாம், "அவளைப் பாரும்மா, வெயில் ஏறினதும் மெஷினைப் போட்டுட்டா. என்ன பொறுப்பு!" என்கிறார். என் வயிறு எரிகிற எரிச்சலில் ஒரு தெருவுக்கே விளக்குப் போடலாம், அண்ணா.

விடுவேனா? நேற்று உச்சி வெயிலில் துவைக்கிற மெஷின், கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டேன். ஹீட்டரையும் போட்டு, லீவில் இருந்த உங்கள் மாப்பிள்ளையைக் குளிக்கச் சொன்னேன். "காலையிலதானே குளிச்சேன்?" என்றார். "அது நிலக்கரிக் கரண்டுக் குளியல். இப்ப வெயில் கரண்டுல மறுபடி குளிங்க" என்று உள்ளே தள்ளினேன். அவர் தலையில் சோப்பு நுரைத்த நேரம் பார்த்து 'டப்'பென்று மெயின் விழுந்தது, மாடிக்கும் சேர்த்து. மாடியில் அவள் வேலைக்கான இன்டர்வியூவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாளாம். இறங்கி வந்து என் மெஷின்களை ஒருமுறை பார்த்தாள், திரும்பி ஏறிப் போய்விட்டாள். அதற்கும் மாமனார், "கோபப்படக்கூட இல்ல பாரு, தங்கம்!" என்கிறார். இனி இந்த வீட்டில் எனக்குச் சரிப்படாது. ஞாயிற்றுக்கிழமை வந்து என்னை அழைத்துப் போங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முத்தம்.

உங்கள் பாசமுள்ள தங்கை

பி.கு.: வர வேண்டாம். கடிதத்தை ஒட்டப்போகும்போது அவளே வந்தாள். இன்டர்வியூவை மறுபடி வைக்கிறார்களாம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் அழுதுவிட்டாள். "உங்களை நினைச்சாலே பத்திக்கிட்டு வருதுக்கா. மாமா தினம் மேல வந்து, 'கீழ அவளைப் பாரு, சாயங்காலம் ஒரு லைட்டுகூட வீணாப் போட மாட்டா'ன்னு உயிரை வாங்குறாரு. அதனால நான் தினமும் இருட்டுலதான் உக்காந்திருக்கேன்!" இருவரும் கலந்து பேசி முடிவு செய்துவிட்டோம்: இனி மாமனாருக்குக் கரண்டு அடுப்பில்தான் டீ, அதுவும் வெயிலோ காற்றோ இருந்தால்தான். காலையிலிருந்து வானம் மூடிக் கிடக்கிறது. ஓர் இலைகூட அசையவில்லை.