என் பின்னால் வந்து நின்ற சகலைக்கு

அன்புள்ள சகலை அவர்களுக்கு, மூத்த சகலை எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மனைவியின் அக்காவும் நலம். அங்கு நீங்களும் குடும்பத்தாரும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறீர்கள், நேற்று மாலைகூட விசிலடித்துக்கொண்டே சைக்கிளில் போனீர்கள், நான் மாடியிலிருந்து பார்த்தேன். இவ்வளவு பக்கத்தில் இருக்கிறவருக்கு எதற்குத் தபால் என்று நினைக்கலாம். நேரில் வந்தால் நான் பல்லைக் காட்டிச் சிரித்துவிடுவேன். நீங்களோ பல் டாக்டர், சிரிப்பைப் பார்க்காமல் பல்லைப் பார்ப்பீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மேல் எனக்கு லேசான மனத்தாங்கல் என்றுதான் முதலில் எழுதினேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த என் மனைவி, "எதுக்குச் சுத்தி வளைக்கிறீங்க, வயித்தெரிச்சல்னு எழுதுங்க" என்றாள். சரி, வயிற்றெரிச்சல்.

சலவைக்கடை மாடியில் இருக்கும் நம் செஸ் மன்றத்தில் நான் பதினோரு வருடமாக ஆடுகிறேன். போன வருடம் மொத்தமே நான்கு ஆட்டம்தான் தோற்றேன். என்னைப் 'பூட்டு' என்று கூப்பிடுகிறார்கள், பாராட்டாகத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். என் தொழிலும் அப்படி. லிஃப்ட் சோதிக்கிறவன். ஒன்றும் நடக்காமல் இருந்தால் என் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஏழாவது மாடிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தவர் எவரும் இறங்கி வந்து கை தட்டியதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. மன்றத்திலும் என் பலகைப் பக்கம் யாராவது வந்தால் தண்ணீர் குடிக்க வந்தார் என்றுதான் பொருள், பானை என் பின்னால்தானே இருக்கிறது. அதெல்லாம் பழகிப்போயிருந்தது. நான்தான் வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். "ஞாயித்துக்கிழமை வீட்டுல சும்மா இருக்கறதுக்கு வாங்களேன்" என்று உங்களைக் கூட்டிக்கொண்டு போனது சாட்சாத் நான்தான்.

வந்த மாதமே நீங்கள் குதிரையைத் தூக்கிக் கொடுத்தீர்கள், அதற்கடுத்த வாரம் யானையை. எதிராளியின் ராஜா நடுக்கட்டத்தில் நின்றுகொண்டு அழாத குறை. மன்றமே உங்கள் நாற்காலியைச் சுற்றி நின்றது. ஜெயித்தீர்களா என்றால் பாதி நாள் இல்லை. ஆனால் நீங்கள் தோற்றாலும் முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள், "புயல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள், உங்களுக்கு டீ வருகிறது. அதே நாளில் அறுபத்தெட்டு நகர்த்தல் ஆடி, ஒற்றைச் சிப்பாயைக் கடைசிக் கட்டம் வரைக்கும் நடத்திக் கொண்டுபோய் ஜெயித்த என்னைப் பார்த்துச் செயலாளர், "முடிஞ்சுதா? அப்ப ஜன்னலைச் சாத்திடுங்க" என்றார். வீட்டுக்கு வந்தால் இவள், "தங்கச்சி வீட்டுக்காரர் இன்னிக்கு ராணியையே குடுத்துட்டாராமே" என்று கண் விரியக் கேட்கிறாள். நான் எதையும் கொடுக்காமல் ஜெயித்ததை அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதனால் போன தை மாதம் முதல் நானும் ரகசியமாகத் தாக்குதல் ஆட்டம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு புத்தகம் வாங்கிக் காக்கி அட்டை போட்டு, மேலே 'கம்பிவடம் பராமரிப்பு' என்று எழுதி வைத்தேன். ராஜாவைச் சுற்றி அவன் ஆள் எத்தனை, நம் ஆள் எத்தனை என்று முதலில் எண்ண வேண்டுமாம். நம் பக்கம் அதிகம் இருந்தால்தான் பலி கொடுக்கலாமாம். சும்மா இருக்கிற காயையும் சண்டைக்குக் கூட்டி வர வேண்டுமாம். ஒவ்வொரு முறையும் முதலில் செக், பிறகு வெட்டு, பிறகு மிரட்டல் என்ற வரிசையில் யோசிக்க வேண்டுமாம். படிக்கிறபோது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கொடுக்கிற நேரத்தில் கை வர மாட்டேன் என்கிறது. குதிரையைப் பிடித்தபடி பன்னிரண்டு நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே இருந்த தையல்காரர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார். அந்த வெட்கத்தில் எண்ணாமல் கொள்ளாமல் குதிரையை வீசினேன். அவர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இது எதுக்கு சார்?" என்று மரியாதையாகக் கேட்டார், எனக்கும் தெரியவில்லை. இந்தப் புத்தி வேலையிலும் தொற்றிக்கொண்டது. ஒரு கட்டடத்தில் பழைய பிரேக்கைப் பார்த்து, "போனாப் போகட்டும், குடுத்துப் பாக்கலாம்" என்று முணுமுணுத்திருக்கிறேன். அந்தக் கட்டட மேலாளர் அன்று முழுக்கப் படிக்கட்டில்தான் ஏறி இறங்கினாராம்.

இதையெல்லாம் எதற்காகச் சகித்துக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த மாதம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மன்றத்தோடு போட்டி. என் பலி முயற்சிகளின் புண்ணியத்தில் நீங்களும் நானும் சமப் புள்ளி. போன ஞாயிற்றுக்கிழமை யார் அதிகம் எடுக்கிறாரோ அவருக்குத்தான் அணியின் முதல் ஆளாக உட்காரும் முதல் பலகை என்று செயலாளர் சொல்லிவிட்டார். நீங்கள் வழக்கம்போல் எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டுச் சமனில் முடித்தீர்கள். எனக்கு எதிரே மருந்துக்கடைக்காரர். நான் ஜெயித்தால் முதல் பலகை எனக்கு.

பதினான்காவது நகர்த்தலில் எண்ணினேன். அவர் ராஜாவைச் சுற்றி இரண்டு பேர், என் ஆட்கள் நான்கு பேர். என் பிஷப்பைக் கொண்டுபோய் அவர் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை அடித்தேன், செக். இந்த முறை கை வந்தது சகலை. தண்ணீர் குடிக்க வந்த தையல்காரர் தம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு குதிரை பாய்ந்தது, ராணி இறங்கி வந்தாள், பிறகு என் யானையையும் கொடுத்தேன். நாற்காலிகள் நகருகிற சத்தம் கேட்டது. பதினோரு வருடத்தில் முதன்முறையாக என் பலகைக்கு நிழல் விழுந்தது, அத்தனை பேர் சுற்றி நின்றார்கள். இன்னும் இரண்டே நகர்த்தல், ராணியால் ஒரு செக், அடுத்து குதிரையால் மேட். கடிகாரத்தில் எனக்கு நான்கு நிமிடம் மீதி இருந்தது. நான்கு நிமிடத்தில் எட்டு மேட் போடலாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தையல்காரர் வாயைத் திறந்திருந்தார். செயலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒன்பது பேர் என்று எண்ணினேன், சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன். அப்போதுதான் பின்னாலிருந்து கிராம்புத் தைல வாசனை வந்தது. உங்கள் கைதான் அது, ஞாயிற்றுக்கிழமையும் போகாது. உங்கள் முகத்தைப் பார்க்காமல் மேட் போட எனக்கு மனம் வரவில்லை. நாற்காலியில் முழுக்கத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் வேர்வை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். ஆகா, இதுதானே நான் கேட்ட வரம், எரியட்டும் நன்றாக எரியட்டும் என்று ஆசை தீரப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் பார்த்தது கடிகாரத்தை என்பது நான்கு நிமிடமும் தீர்ந்து அதன் கொடி விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நேரம் முடிந்தால் தோல்வி, அதில் யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. "அண்ணே, எனக்கு உசுரே போயிடுச்சு. கண்ணாலயாவது காட்டலாம்னு பார்த்தேன், அதுவும் கூடாதுன்னு சுவத்துல எழுதியிருக்கே" என்றீர்கள். எழுதியிருக்கிறதுதான். 'வேடிக்கை பார்ப்பவர் வாய் திறக்கலாகாது, கண் ஜாடை கூடாது, மணியைச் சொல்லலாகாது.' ஆறு வருடத்துக்கு முன் சிவப்பு மையில் எழுதி ஆணி அடித்தவன் நான்தான். மருந்துக்கடைக்காரர் என் கையைப் பிடித்து, "இப்படி ஒரு ஆட்டத்துல தோத்திருந்தா வீட்டுல பெருமையா சொல்லியிருப்பேன்" என்றார். அவர் நல்ல மனுஷர், அன்றைக்கு அவரையும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே முடிவாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பலகை உங்களுக்கு, சந்தோஷமாக உட்காருங்கள். இரண்டாம் பலகைக்கு வேறு ஆள் பாருங்கள். நான் இனி மன்றத்துப் படி ஏறப்போவதில்லை. காக்கி அட்டைப் புத்தகத்தை இத்துடன் அனுப்புகிறேன், உங்களுக்குத் தேவைப்படாது, இருந்தாலும் என் கண்ணில் படாமல் இருந்தால் போதும். நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும், அதுதான் பெரிய கஷ்டமாக இருக்கிறது. திட்டக்கூட வழியில்லை.

கொழுந்தியாளுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், நேரத்தைப் பார்த்துப் பரீட்சை எழுதட்டும். உங்கள் கைராசி ஓங்கி, ஊரில் சொத்தைப்பல் பெருகட்டும்.

இப்படிக்கு,
பூட்டு

பி.கு. உறையை ஒட்டுகிற நேரத்தில் இவள் தங்கையோடு போனில் பேசிவிட்டு வந்தாள். என்னுடைய நகர்த்தல்களைக் குறித்துவைத்த பழைய ஆட்டத் தாள்களை மன்றத்து அலமாரியிலிருந்து எடுத்துப்போய், மூன்று மாதமாக ஆஸ்பத்திரி மேஜை டிராயரில் வைத்துப் பார்க்கிறீர்களாமே. "அந்த மனுஷன் எப்படித்தான் தோக்காம ஆடறாரோ, பார்த்தா வயிறு எரியுது" என்றீர்களாமே. அந்த வாக்கியத்தை இவளை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மேலே எழுதியது எதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். புத்தகம் அனுப்பவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள், தோற்காமல் ஆடுவதை மட்டும் தயவுசெய்து கற்றுக்கொள்ளாதீர்கள், அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். என் ஆட்டத்தைப் பார்க்க வந்தால் எனக்கு எதிரே வந்து நில்லுங்கள், பின்னால் நின்றால் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.