ஓசி ஓசோனும் கால் கோப்பை டீயும்

உங்கள் வீட்டுக்காரர் காற்றைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறாரா? என் வீட்டுக்காரர் துல்கின் எடுத்தார். பத்து நாள் லீவு என்பதால் தினமும் எடுத்தார்.

தாஷ்கண்டில் ஜூலை வெயில். எங்கள் ஆறு வயசு மகள் சேவராவுக்கு இந்த மாசத்தில் நெஞ்சு விசிலடிக்கும். அடுப்படியில் நின்றாலும் என் ஒரு காது அவளிடமே இருக்கும். அன்று மதியம் போனில் எச்சரிக்கை வந்தது. ஓசோன் அதிகம், குழந்தைகளை வெளியே விடாதீர்கள் என்று. இவர் முதல் பாதியோடு படிப்பதை நிறுத்திவிட்டார்.

எங்கள் ஊரில் ஓசோன் என்றால் மழை விட்டதும் பைன் காட்டில் வீசுகிற சுத்தக் காற்று என்றே கேட்டு வளர்ந்தவர்கள் அதிகம். இவர் இன்னும் ஒரு படி மேலே. லீவு பூராவும் மூணு மணிக்கு ஓடுவேன் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, மூன்று நாளாக லாரி போகிற ரோட்டோரம் ஓடி ஓசி ஓசோன் வாங்கிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு சேவராவையும் கூட்டிட்டுப் போறேன். ஓசோன் கொட்டிக் கிடக்குது. நெஞ்சு கழுவிவிட்ட மாதிரி ஆயிடும்.”

“சேவரா அப்பா, அது கெடுதல்னு போட்டிருக்கே.”

“நீ படிச்சது கிராமத்துப் பள்ளிக்கூடம். உனக்கு வேதியியல் தெரியாது.”

தெரியாதுதான். ஆனால் துல்கினைத் தெரியும். வாதாடினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். விருந்தாளி வந்தால் அசையமாட்டார். வந்தவரை உட்காரவைத்துவிட்டு வீட்டுக்காரன் வெளியே போனால் தெரு ஒரு வருசம் பேசும். அடுத்த வீட்டு நர்ஸ் மஸ்துரா அக்காவிடம் ஓடினேன்.

மூணு அடிக்க ஐந்து நிமிசம். இவர் சேவராவுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வாசலையே பார்க்கிறேன். அக்கா வந்து சேர்ந்தார்.

“துல்கின் தம்பி, ஒரு வாய் டீ கிடைக்குமா?”

இவர் சிரித்துத்தானே ஆகணும். சிரித்துக்கொண்டே அக்காவின் கோப்பையை விளிம்பு வரை நிரப்பினார். எங்கள் வழக்கத்தில் கால் கோப்பை ஊற்றினால் இன்னும் இருங்கள் என்று அர்த்தம். நிரப்பி ஊற்றினால் கிளம்புங்கள். அக்கா மடக்கென்று குடித்துவிட்டு கோப்பையை என்னிடம் நீட்டினார். நான் கால் கோப்பை ஊற்றினேன். அப்புறம் இன்னொரு கால். இப்படிப் பதினாறு கால்.

“மேல வானத்துல இருந்தா ஓசோன் நமக்குக் குடை, தம்பி. வண்டிப் பொகையில வெயில் பட்டு மூக்குக்கிட்ட உண்டானா, வத்தல் வறுத்த பொகை. நெஞ்சை அரிச்சிடும். மத்தியானந்தான் உச்சம், பொழுது சாஞ்சா குறையும். பிள்ளையை அப்பறம் வெளிய விடு.”

அதெல்லாம் சும்மா என்று ஆரம்பித்தவர் இருமினார். தண்ணீர் குடித்துவிட்டும் இருமினார். சேவரா அவர் நெஞ்சில் காதை வைத்தாள்.

“அம்மா, அப்பாவுக்கும் விசிலடிக்குது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு விசிலுக்கே காது போதவில்லை, இப்போது இரண்டு. ஓட்டத்தை நிறுத்திவிட்டு காலையில் டாக்டரைப் பாருங்கள் என்றார் அக்கா.

மறுநாளும் எச்சரிக்கை வந்தது. இவர் கடைசி வரி வரை படித்தார். ஜன்னலைச் சாத்தினார். தோற்றேன் என்று சொல்லவில்லை. ஆனால் மூணு மணிக்கு ஓடாமலிருக்க தெருவுக்கு ஒரு காரணம் காட்டவேண்டுமே. சுவரோரம் போய் மெதுவாகக் கூப்பிட்டார்.

“மஸ்துரா அக்கா, டீ போட்டாச்சு, வாங்க. கால் கோப்பைதான் ஊத்துவேன்.”