பூஜையில் இருந்த தீயணைப்பான்

ஒருவருக்கு ஒரு விசிலும், முதுகில் பதவி எழுதிய கோட்டும் கொடுத்துப் பாருங்கள். ஒரே வாரத்தில் நடை மாறும், குரல் மாறும், சொந்தச் சித்தப்பாவையே "மிஸ்டர்" என்று கூப்பிடத் தோன்றும். எனக்குத் தோன்றியது. (கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வேலை அன்றைக்கே போயிருக்கும்.)

எங்கள் ஊர் நெடுங்காடு. வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்பதைத் தவிர வேறு எதற்கும் கவலைப்பட்டு அறியாத என் அப்பா, நான் தொழிலகப் பாதுகாப்பில் டிப்ளமோ படிக்கப் போகிறேன் என்றதும் முதன்முறையாக வேறொரு கவலை பட்டார். அது என்ன படிப்பு என்று ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "பொண்ணு தீ வண்டி ஓட்டப் போவுதா?" என்று அப்பாவைக் கேட்டார்கள். அவருக்கும் தெரியாததால் ஆமாம் என்று சொல்லிவைத்தார். படித்து முடித்து வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, தீபாவளிக்குள் எதுவும் அமையாவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பது என்று முடிவாகிவிட்டது. எனக்கு அழுகையாக வந்தது. எனக்கு அந்த வேலை உண்மையிலேயே பிடித்திருந்தது. தலைக்கவசம் போட்ட ஒரு மனிதரைப் பார்த்தாலே மனது நிறையும்.

அந்தச் சமயத்தில்தான் கோவிந்தராசு சித்தப்பாவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. சித்தப்பா கல்யாணப் பந்தல்காரர். காரைக்கால் கடற்கரைப் பக்கத் திடலில் நடக்கவிருந்த பெரிய பொருட்காட்சியில், ஓர் அரங்கு முழுவதும் ஸ்டால் அமைக்கும் வேலை அவருக்கு வந்தது. சவுக்குக் கம்பும் கீற்றும் கட்டியவர், இனி அலுமினியச் சட்டமும் பலகையும் கட்டப்போகிறார். இதில் பெயர் எடுத்துவிட்டால் அடுத்து புதுச்சேரி, அதற்கடுத்து சென்னை என்று சித்தி வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதக் கல்யாணப் பந்தல்களைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சிக்கல். ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் ஒரு பாதுகாப்பு அலுவலரை வைத்திருக்க வேண்டும் என்று பொருட்காட்சி நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள்.

"அது நம்ம வூட்லயே ஒண்ணு சும்மா கெடக்கே" என்றாராம் சித்தப்பா. நான்தான் அந்த ஒண்ணு.

கிரிக்கெட் குழுக்களுக்குச் சட்டை அச்சடிக்கிற கடையில் எனக்கொரு மஞ்சள் கோட்டு தயாரானது. முதுகு முழுக்க, வெளிச்சம் பட்டால் பளபளக்கும் எழுத்தில் "பாதுகாப்பு அலுவலர்". அளவு தவறிப்போய் முழங்கால் வரை தொங்கியது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. எழுத்து இன்னும் கொஞ்சம் பெரியதாக இருந்திருக்கலாம் என்றுதான் பட்டது.

தினமும் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பாடம் எடுத்தேன். தலைக்கவசம் இல்லாமல் உள்ளே வரக்கூடாது. வெறுங்காலோடு நடக்கக்கூடாது. உயரத்தில் ஏறினால் இடுப்பு வார் மாட்ட வேண்டும். நடைபாதையில் எதையும் வைக்கக்கூடாது. அரங்குக்குள் நெருப்பு கூடவே கூடாது. கடைசியாகத் தீயணைப்பான் பாடம். "பின்னை உருவு, குழாயை அடியில காட்டு, பிடியை அழுத்து, பக்கவாட்டுல வீசு" என்று நான் சொல்ல, அவர்கள் ஒன்றாம் வகுப்பு வாய்ப்பாடு மாதிரி திருப்பிச் சொல்வார்கள். பந்தல் மேஸ்திரி செல்லையன் அண்ணனுக்கு மட்டும் மனக்குறை. நாற்பது வருடமாகத் தலையில் துண்டு கட்டியவர். கடைசியில் தலைக்கவசத்துக்கு மேலேயே துண்டைக் கட்டிக்கொண்டார். விதியில் அதற்குத் தடை இல்லை என்பதால் அனுமதித்தேன்.

திறப்பதற்கு முன்னால் அரங்கின் பாதுகாப்பைச் சோதனை போட வரப்போகிறவர் லூர்துநாதன் என்ற பெரியவர். பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். பிரான்சில் தீயணைப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்று, காரைக்காலிலேயே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டவர். எல்லோரும் அவரை "முசியே" (பிரெஞ்சில் ஐயா) என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சரி என்று சொன்னால்தான் அரங்கு திறக்கும். இல்லையென்றால் சித்தப்பாவின் பெயர் அங்கேயே முடிந்தது, என் தலையெழுத்தும் தீபாவளிக்கு முன்பே முடிந்தது. விஜயதசமி அன்று காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எட்டுக்கு மேல் திறப்பு விழா.

வேலை அதற்கு முதல்நாள் மத்தியானமே முடிந்துவிட்டது. முதல்நாள் என்றால் ஆயுத பூஜை.

பந்தல்காரர்களுக்கு அது தீபாவளியைவிடப் பெரிய நாள். சுத்தியல், கடப்பாரை, ஏணி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு நெஞ்சு விம்மியது. அவர்களுக்கு ஆயுதம் சுத்தியல் என்றால் எனக்கு ஆயுதம் எது? (இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கலாம்.)

எல்லாத் தலைக்கவசங்களையும் வாங்கிப் பொட்டு வைத்து அடுக்கினேன். இடுப்பு வார்களைச் சுருட்டி வைத்தேன். முதலுதவிப் பெட்டியை வைத்தேன். "தரை வழுக்கும், கவனம்" என்ற மஞ்சள் பலகையைக்கூட விடவில்லை. நடுநாயகமாக, அரங்கின் எல்லா மூலைகளிலிருந்தும் தீயணைப்பான்களை எடுத்து வந்து நிறுத்தி, கழுத்துக்குக் கழுத்து சாமந்தி மாலை போட்டேன்.

"பாக்குறதுக்கு அய்யனார் கோயில் குதிரை கணக்கா நிக்குது" என்று செல்லையன் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பூஜை என்பதால் எல்லோரும் செருப்பையும் பாதுகாப்புக் காலணியையும் வெளியே கழற்றிவிட்டிருந்தோம். சித்தப்பா கற்பூரத்தை எடுத்தபோதுதான் என் மூளை கொஞ்சம் வேலை செய்தது.

"சித்தப்பா, உள்ள நெருப்பு கூடாதுன்னு விதி இருக்கு."

"ஏண்டி மலரு, சாமிக்குக் காட்டுற கற்பூரம் நெருப்புல சேருமா?"

படித்த படிப்பையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை. தீயணைப்பான் அருகில் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு தீர்ப்பு சொன்னேன். அருகில்தான் இருந்தது. இதைவிட அருகில் வைக்கவே முடியாது.

ஆரத்தி முடிந்தது. திருஷ்டி சுற்றிய பூசணிக்காயை, உள்ளே குங்குமம் கொட்டி, அரங்கு வாசலில் உள்பக்கமாக இறங்கும் மரப்பலகைச் சரிவின் மேலேயே போட்டு உடைத்தார்கள். யாருக்கும் எந்த விபத்தும் வரக்கூடாது என்று நானும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது பொரி இருந்த காகிதப் பை எரிந்துகொண்டிருந்தது.

கற்பூரத் தட்டை யாரோ அதன் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பையிலிருந்து தீ பக்கத்தில் கிடந்த அட்டைப் பெட்டிக்குப் போனது. அதற்கடுத்து தரை விரிப்பு, அதற்கடுத்து சித்தப்பா ஆசை ஆசையாகத் துணி ஒட்டிய பலகைச் சுவர்.

நான் தீயணைப்பானை நோக்கிப் பாய்ந்தேன். செல்லையன் அண்ணன் குறுக்கே கை நீட்டினார்.

"தொடாதீங்க பாப்பா. பூஜையில இருக்கு."

"அண்ணே, எரியுது."

"எரியுதுதான். ஆனா நாளைக்கு மறுபூஜை போட்டுல்ல எடுக்கணும்? நடுவுல எடுத்தா தொழில் வெளங்காது."

சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சாமி. "தண்ணி கொண்டாங்கடா" என்றார். குடத்துத் தண்ணீரைப் பூசணிக்காய் உடைத்த கையைக் கழுவவே தீர்த்துவிட்டிருந்தார்கள். காலால் மிதிக்கலாமென்றால் எல்லோரும் வெறுங்கால். ஒருவர் பாத்திரத்திலிருந்த சுண்டலை அள்ளித் தீயில் போட்டார். அது வறுபட்டது.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதை என் குடும்பம் இன்றுவரை நடித்துக் காட்டுகிறது. நின்ற இடத்தில் நின்றபடி, விறைப்பாக, வகுப்புக் குரலில், "பின்னை உருவு, குழாயை அடியில காட்டு" என்று பாடம் சொன்னேன். இத்தனை நாள் பழக்கம் விடுமா? ஆட்கள் அத்தனை பேரும், ஒருவர்கூட அசையாமல், திருப்பிச் சொன்னார்கள்.

பிரான்சில் வேலை பார்த்தவர், நேரம் தவறவே மாட்டார் என்று முசியேவைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். நேரத்துக்கு முன்னால் வருவார் என்று யாரும் சொல்லவில்லை. சாயங்கால நடைக்குக் கடற்கரைக்குப் போன மனிதர், புகையைப் பார்த்துவிட்டு வெள்ளைக் கால்சட்டையோடு வாசலுக்கு ஓடி வந்தார். வழுக்கும் என்று எச்சரிக்கும் பலகை உள்ளே பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. அவர் பூசணிக்காயில் கால் வைத்து, சரிவு முழுக்க உட்கார்ந்தபடியே சறுக்கி, அரங்குக்குள் வந்து சேர்ந்தார்.

கால்சட்டை முழுக்கச் சிவப்பு.

"ஐயையோ ரத்தம்" என்று ஒருவர் அலறினார். "முதலுதவிப் பெட்டிய எடுங்கடா" என்றார் சித்தப்பா. "அதுவும் பூஜையிலதாங்க இருக்கு" என்றார் செல்லையன் அண்ணன்.

முசியே எழுந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அவருக்கு மறுபூஜை பற்றிய தயக்கமும் இல்லை. நேராகப் போய் நடுவிலிருந்த தீயணைப்பானைத் தூக்கினார். பின்னில் சுற்றியிருந்த சாமந்தி மாலையைப் பிய்த்துப் போட்டார். குழாய் வாயில் நான் அப்பியிருந்த சந்தனத்தைச் சுண்டுவிரலால் நோண்டி எடுத்தார். அப்போது அவர் வாயிலிருந்து வந்த பிரெஞ்சு வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாதது எங்கள் பாக்கியம். பிறகு அழுத்தினார்.

தீ உடனே அணைந்துவிட்டது. ஆனால் அவருடைய கோபம் அணையச் சற்று நேரமானது. வெள்ளைப் பொடி பறந்து அடங்கியபோது சாமி படம், சுத்தியல், பொரி, சித்தப்பா எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. செல்லையன் அண்ணன் கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தார்.

முசியே மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். "இங்க சேஃப்டி ஆபீசர் யாருங்க?"

சித்தப்பா புருவத்துப் பொடியைத் துடைத்துக்கொண்டு, என்மேல் உள்ள பாசத்தால் மட்டுமே வரக்கூடிய தைரியத்தோடு சொன்னார்.

"அவங்க இன்னைக்கு லீவுங்க."

என்னைக் காப்பாற்றுகிறார் என்று புரிந்துவிட்டது. நன்றியோடு, சத்தம் போடாமல் நழுவிவிடலாம் என்று திரும்பினேன். திரும்பினால் முதுகு தெரியும் என்பது தோன்றவில்லை. முசியே கையில் நடைக்குக் கொண்டுவந்த டார்ச் இருந்தது. அதை அடித்தார். அந்தக் கடைக்காரர் ஒளிரும் எழுத்தில் ஒரு குறையும் வைத்திருக்கவில்லை.

"லீவுல போறவங்க கொஞ்சம் நில்லுங்க" என்றார் முசியே.

நின்றேன். வெட்கத்தில் காது எரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம். பொட்டு வைத்த தலைக்கவசங்களையும் வழுக்கும் பலகையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். "எல்லாத்தையும் சரியாத்தான் வாங்கி வெச்சிருக்கீங்க" என்றார். பிறகு, "நாளைக்குக் காலைல வர்றேன். நான் ஒரு தகரத்துல தீ வெப்பேன். இவங்க அணைக்கணும். பேசக்கூடாது, அணைக்கணும். அணைச்சா தொறங்க. இல்லன்னா பூட்டுங்க" என்று என்னைக் காட்டிச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுக் குங்குமக் கால்சட்டையோடு போனார்.

மறுநாள் விடிந்ததும் மறுபூஜை போட்டு எல்லாவற்றையும் எடுத்து மாட்டினோம். சரிவைத் தேய்த்துக் கழுவினோம். கருகிய பலகையை ராத்திரியே மாற்றியிருந்தோம். முசியே ஏழு மணிக்கு (அன்று சரியாக ஏழு மணிக்கு) வந்து, திடலில் தகரத்தை வைத்து, காய்ந்த சவுக்கு மிலாறுக் குச்சிகளைக் கொளுத்திவிட்டு ஒதுங்கி நின்றார். சித்தப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தீயணைப்பானை எடுத்தேன். பழக்க தோஷம், முதலில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முசியே நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஆனால் பின்னை உருவினேன், அடியில் காட்டினேன், அழுத்தினேன். வாயைத் திறக்கவே இல்லை. எனக்குப் பதிலாக ஆட்கள் எல்லோரும் கோரஸாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தீ அணைந்தது.

அரங்கு திறந்தது. சித்தப்பா அடுத்த வருடம் புதுச்சேரிக்கும் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. இப்போது நானே ஊர் ஊராகப் போய் அரங்குகளில் சோதனை போடுகிறேன். ஆயுத பூஜை சமயத்தில் போனால், முதலில் சாமி படத்துக்கு முன்னால்தான் தேடுவேன். மாலை போட்ட தீயணைப்பானை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். நான் மட்டும் முட்டாள் இல்லை என்பதில் ஒரு நிம்மதி.

வீட்டில் இன்னும் விடவில்லை. பால் பொங்கி வழிந்தாலும், குழம்பு அடிப்பிடித்தாலும், யாராவது ஒருவர் "அவங்க இன்னைக்கு லீவுங்க" என்பார். என் கல்யாணத்துக்கு முசியே அதே மாதிரி வெள்ளைக் கால்சட்டையில் வந்திருந்தார். சித்தப்பா போட்ட பந்தல். ஓமப்புகை மண்டி மாப்பிள்ளை இருமிக்கொண்டிருந்தார். முசியே முன்வரிசையில் இருந்தபடி சுற்றிப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார், "இங்க சேஃப்டி ஆபீசர் யாருங்க?"

பந்தலின் நாலு மூலையிலிருந்தும் சித்தப்பாவின் ஆட்கள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய மணப்பெண், மணவறையில் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு மட்டும் அது உண்மை. முறையாக எழுதிக் கொடுத்து, லீவு வாங்கிக்கொண்டுதான் போய் உட்கார்ந்திருந்தேன்.