பூனைக்கு ஆள் பார்க்கிறார்

மனித இனத்தில் முன்னேற்பாட்டுக்காரர் என்று ஒரு கிளை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே, பெட்டியைப் பரணிலிருந்து இறக்குவதற்கு முன்பே, ஏன், போகிற ஊரில் மழையா வெயிலா என்று யோசிப்பதற்கும் முன்பே, ‘நாம் இல்லாதபோது பூனையை யார் பார்த்துக்கொள்வார்’ என்று கவலைப்படத் தொடங்கி, அந்தக் கவலையை முழுநேர உத்தியோகமாக வளர்த்துக்கொள்பவர். அதில் என்ன தவறு? ஒன்றுமில்லை. பொறுப்பான மனிதர். அதுதான் தொந்தரவே.

எங்கள் கீழ்வீட்டில் ஒருவர் இருக்கிறார். வெளியூரில் இருக்கும் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்த அன்றே, குழந்தை பிறந்ததும் போய்ப் பார்க்க வேண்டுமே என்று பூனைக்கு ஆள் தேட ஆரம்பித்துவிட்டார். மகளுக்கு மசக்கை தெளிவதற்குள் மூன்று பேரைப் பார்த்து மூவரையும் தள்ளியாயிற்று. மாடி வீட்டுத் தையல்காரர் வேண்டாம். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, பூனைக்குத் தலை சுற்றும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் வேண்டாம், பூனையிடம் ‘ஏன்?’ என்று கேட்கிறார். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் ஒரு குறையும் இல்லை, அதனாலேயே சந்தேகம்.

“நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தப்பகூட நீங்க இவ்வளவு விசாரிக்கலியே,” என்றார் மனைவி.

“அவளுக்கு வாய் இருக்கு. பிடிக்கலன்னா சொல்லிடுவா. இது யார்கிட்ட போய்ச் சொல்லும்?”

குழந்தை பிறந்தது. பேத்தி. மனைவி அவள் முகத்தை செல்போன் திரையில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்காக வாங்கி வைத்திருந்த சட்டைகள் பீரோவுக்குள்ளேயே சின்னதாகிக்கொண்டிருந்தன. கடைசியில் ஒருவழியாக அடுத்த தெரு நர்ஸம்மா அகப்பட்டார். பூனை வளர்த்துப் பழகியவர், மெத்தென்ற குரல், அதிராத நடை. இனிக் கிளம்ப வேண்டியதுதானே? நம் ஆளை என்னவென்று நினைத்தீர்கள்? ஒத்திகை வேண்டாமா?

ஆகவே, மனைவி கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் நர்ஸம்மாவை வரவழைத்து, காலிப் பெட்டியைக் கனக்கிற மாதிரி தூக்கி, பூனையிடம் தழுதழுத்து விடைபெற்று, தெருமுனை வரை போய், சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, தன் வீட்டு ஜன்னலுக்கு அடியிலேயே பெட்டியும் கையுமாகப் பதுங்கி நின்றார். பூனை அழுகிறதா என்று கேட்க.

அழவில்லை. மெல்ல எட்டிப் பார்த்தார். நர்ஸம்மாவின் மடியில், வயிறு கூரையைப் பார்க்க, நாலு காலும் நாலு திசையில் கிடக்க, அது தூங்கிக்கொண்டிருந்தது.

மாடியிலிருந்து தையல்காரர் குனிந்து கேட்டார்: “என்ன சார், ஊருக்குப் போகலியா?”

“போயிட்டேன்,” என்றார்.

நர்ஸம்மாவும் வேண்டாம் என்று அன்று மாலையே முடிவாயிற்று. காரணம்? “ரொம்பச் செல்லம் குடுக்கறாங்க. பூனை கெட்டுப்போயிடும்.”

பெட்டிதான் இறங்கியிருக்கிறதே. மனைவி அதில் தன் துணிகளை அடுக்கினார், மேலாகச் சின்னச் சட்டைகளை வைத்து மூடினார். மறுநாள் காலை, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“நர்ஸம்மா இப்ப வந்துடுவாங்க. பூனையையும் உங்களையும் சேர்த்துப் பார்த்துக்கச் சொல்லியிருக்கேன்.”

“என்னையா? என்னைப் பார்த்துக்க என்ன இருக்கு?”

“அதைத்தான் அவங்களும் கேட்டாங்க. பூனை தொந்தரவு பண்ணாது, சாரைத்தான் எப்படிச் சமாளிக்கிறதுன்னு.”

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் பூனை இல்லை என்ற தைரியம். இருக்கட்டும். போன தடவை விடுப்பு எடுத்தீர்களே, மனசு கேட்காமல் அலுவலகத்துக்குப் போன் போட்டு, “நான் இல்லாம கஷ்டமா இருக்கா?” என்று விசாரித்தீர்களே, “ஒண்ணும் இல்ல சார், எல்லாம் நல்லாவே போகுது” என்று பதில் வந்ததும், மீதி விடுப்பை ரத்து செய்துவிட்டு ஏன் ஓடினீர்கள்?